கஞ்சியில் எவ்வளவு தண்ணீர்?

இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், மத்திய அமெரிக்காவின் மருத்துவமனைகளுக்கு ஒரே சாயலுள்ள குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். பாதம் வீங்கி, முகம் ஊதி, முடி செம்பட்டையாக வெளிறி, தோல் உரிந்து, தொட்டால் மட்டும் மெல்லச் சிணுங்கும் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகள். தாய்ப்பால் நின்றபின் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மக்காச்சோளம்தான். இதே நோயை 1930களில் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர் விவரித்திருந்தார். அங்கும் மக்காச்சோளக் கஞ்சிதான் குழந்தைகளின் உணவு. அந்த ஊர் மக்கள் சொன்ன குவாஷியோர்கர் என்ற பெயரையே அவர் மருத்துவ உலகுக்குக் கொடுத்தார்.

பால் கொடுத்தால் பிள்ளை தேறுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் குவாத்தமாலாவின் மலைக் கிராமத்தில் பாலுக்கு எங்கே போவது? 1949இல் குவாத்தமாலா நகரத்தில் ‘இன்காப்’ என்ற ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் நெவின் ஸ்கிரிம்ஷா. அவரும் உணவு வேதியியலாளர் ரிக்கார்டோ பிரெசானியும் கையிலெடுத்த கேள்வி எளிமையானது: அந்த மண்ணில் விளைவதை மட்டும் கலந்து, பாலுக்கு நிகராகக் குழந்தையின் உடலில் புரதம் சேர்க்கும் மாவு ஒன்றைச் செய்ய முடியுமா? கலவைகளுக்கு எண் போட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எலிகளிலும் கோழிக்குஞ்சுகளிலும் பார்த்துவிட்டு, நோயிலிருந்து தேறிவரும் குழந்தைகளுக்குக் கொடுத்து, உடலில் எவ்வளவு நைட்ரஜன் தங்குகிறது என்று அளந்தார்கள். ஒன்பதாவது கலவையின் திருத்திய வடிவம் நிலைத்தது. மக்காச்சோளம் 29 சதவீதம், வெள்ளைச்சோளம் 29, பருத்திவிதை மாவு 38, ஈஸ்ட் 3, சுண்ணாம்புச் சத்து 1. மேலே வைட்டமின் ஏ. புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 27. நிறுவனத்தின் பெயரோடு ‘மாவு’ என்பதற்கான ஸ்பானியச் சொல்லின் பின்பாதியைச் சேர்த்து, ‘இன்காபரினா’ என்று பெயரிட்டார்கள். இன்றும் குவாத்தமாலாவின் கடைகளில் அது கிடைக்கிறது. பருத்திவிதையின் இடத்தைப் பின்னாளில் சோயா பிடித்துக்கொண்டது.

தானியமும் பருப்பும் விதையும் கலந்த மாவு, ஊட்டச்சத்துக் குறைபாட்டைத் தீர்க்கும் என்ற நம்பிக்கையின் நவீன வரலாறு பெருமளவுக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்த நம்பிக்கையில் பாதி சரியானது. மீதிப் பாதியைச் சரிசெய்ய இருபது ஆண்டுகள் பிடித்தன. அந்தத் திருத்தத்தில் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருக்கும் மைசூரில் ஆராயப்பட்ட கேழ்வரகுக்கும் பெரிய பங்கு உண்டு.

முதலில் சரியான பாதி. புரதம் என்பது இருபது அமினோ அமிலங்களின் கோவை. அவற்றில் ஒன்பதை உடல் தானே உண்டாக்கிக்கொள்ளாது; உணவில் வந்தாக வேண்டும். ஒன்பதில் ஏதாவது ஒன்று குறைந்தால், அந்தக் குறையின் அளவுக்கே உடல் புரதத்தைக் கட்டும். மிஞ்சிய அமிலங்கள் எரிந்து போகும். கோதுமை, மக்காச்சோளம், கேழ்வரகு எல்லாவற்றிலும் குறைவது லைசின். பருப்புகளில் லைசின் தாராளம். ஆனால் மெத்தியோனைன் போன்ற கந்தகம் உள்ள அமிலங்கள் குறைவு. இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் பள்ளத்தை மற்றது நிரப்பும்.

எவ்வளவு நிரப்பும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். கோதுமைப் புரதத்தின் ஒரு கிராமில் சுமார் 25 மில்லிகிராம் லைசின் இருக்கிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக் குழந்தைக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு அளவுகோல் கேட்பது 52. கோதுமை மட்டும் என்றால் தேவையில் பாதியைக்கூட எட்டாது. 70 கிராம் கோதுமையோடு 30 கிராம் பாசிப்பருப்பைச் சேருங்கள். கோதுமையிலிருந்து ஏழரை கிராம் சொச்சம் புரதம், பருப்பிலிருந்து ஏழு கிராம் சொச்சம். இரண்டின் லைசினையும் கூட்டி வகுத்தால் கிராமுக்கு 46 மில்லிகிராம் வருகிறது. தேவையில் பத்தில் ஒன்பது பங்கு. பிரெசானி மக்காச்சோளத்தையும் அவரையையும் பல விகிதங்களில் கலந்து எலிகளுக்குக் கொடுத்தபோது, ஏறத்தாழ 72 பங்கு மக்காச்சோளத்துக்கு 28 பங்கு அவரை என்ற இடத்தில்தான் புரதத்தின் தரம் உச்சத்தைத் தொட்டது. பருப்பை அதற்கு மேல் கூட்டினால் புரதத்தின் அளவு ஏறும். தரம் இறங்கத் தொடங்கும். பொங்கலுக்கு அரிசியும் பாசிப்பருப்பும் அளந்து போடும் கை இந்த விகிதத்துக்கு வெகு தொலைவில் இல்லை.

விதைகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊட்டச்சத்துப் பிரசுரங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. எள்ளில் மெத்தியோனைன் மிகுதி என்பதால் சத்துமாவில் எள் சேர்க்க வேண்டும் என்பார்கள். எள்ளில் அது மிகுதி என்பது உண்மை. ஆனால் தானியம் பெரும்பங்காக உள்ள கலவையில் மெத்தியோனைன் குறையாகவே இல்லை. மேலே போட்ட கோதுமை–பாசிப்பருப்புக் கணக்கிலேயே கந்தக அமிலங்கள் தேவையைத் தாண்டி நிற்கின்றன. குறை லைசினில்தான், எள்ளில் அதுவும் குறைவு. எள்ளும் நிலக்கடலையும் கலவைக்குத் தரும் பெரிய நன்மை வேறு: எண்ணெய். இரண்டிலும் எடையில் ஏறத்தாழ நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ கொழுப்பு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி தரும் இடத்தில் கொழுப்பு 9 கலோரி தருகிறது. இந்த எண்ணெயைக் கலவைக் கலையின் முதல் தலைமுறை வேண்டுமென்றே பிழிந்து வெளியே எடுத்துவிட்டது.

அதற்குச் சரியான எடுத்துக்காட்டு மைசூரில் இருக்கிறது. மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 1950இல் அங்குள்ள செலுவாம்பா மாளிகையில் தொடங்கியபோது அதன் முதல் இயக்குநராக இருந்தவர் வி. சுப்ரமணியன். அங்கே உருவான ‘இந்தியப் பல்நோக்கு உணவு’ முக்கால் பங்கு நிலக்கடலை மாவும் கால் பங்கு வறுத்த கடலைமாவும் சேர்ந்தது. நிலக்கடலை மாவு என்றால் எண்ணெய் எடுத்த பின் மிஞ்சும் பிண்ணாக்கை மனிதர் உண்ணும் தரத்தில் அரைத்தது. புரதம் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல். அதில் வைட்டமின்களும் சுண்ணாம்புச் சத்தும் சேர்த்தார்கள். மாட்டுக்குப் போகும் பொருளிலிருந்து இவ்வளவு புரதத்தைப் பிள்ளைக்கு மீட்க முடியும் என்பது அன்றைய ஏழை நாட்டுக்குப் பெரிய நம்பிக்கை. புரதமே பஞ்சம் என்றால் இது மிகச் சரியான விடை.

பிண்ணாக்குக்கு இன்னொரு கெடு காத்திருந்தது. 1960இல் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் அடுத்தடுத்துச் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த பூஞ்சை விட்டுச்சென்ற நஞ்சு அஃப்ளடாக்சின் என்று அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அடையாளம் கண்டார்கள். கல்லீரலைத் தாக்கும், புற்றுநோயை உண்டாக்கும் நஞ்சு அது. சமையல் சூட்டில் பெருமளவு அழிவதில்லை. ஈரம் காயாமல் மூட்டை கட்டிய நிலக்கடலையிலும் மக்காச்சோளத்திலும் அது சேர்கிறது. பருத்திவிதைக்குச் சொந்தப் பிரச்சினை காசிபோல் என்ற நிறமி. அதைச் செயலிழக்கச் செய்யச் சூடாக்கினால், எந்த லைசினுக்காகக் கலவையே செய்தார்களோ அந்த லைசினைப் பிடித்துவைத்துக்கொள்ளும். சோயாவில் ட்ரிப்சினைத் தடுக்கும் பொருள் உண்டு. அது சூட்டில் அழியும், ஆனால் அளவான சூடு வேண்டும். ஒவ்வொரு விதையும் தனக்கென்று ஒரு பாதுகாப்பை வைத்துக்கொண்டே பிறக்கிறது. குழந்தை உணவாக்கும் தொழில்நுட்பத்தில் பாதி அந்தப் பாதுகாப்பை உடைப்பதுதான்.

1960களில் உலகமே புரதத்தின் பின்னால் போயிற்று. மக்காச்சோளம், சோயா, பால் பொடி மூன்றும் கலந்த மாவை 1966 முதல் அமெரிக்கா உணவு உதவியாக மூட்டை மூட்டையாக அனுப்பியது. வரவிருக்கும் புரத நெருக்கடியைத் தவிர்க்கப் பன்னாட்டு நடவடிக்கை வேண்டும் என்று 1968இல் ஐக்கிய நாடுகள் அறிக்கை வெளியிட்டது. மீன் மாவு, இலைப் புரதம், பெட்ரோலியத்தில் வளர்க்கும் நுண்ணுயிர்ப் புரதம் என்று ஆய்வுப் பணம் வழிந்தோடிய காலம் அது.

அந்த அலைக்கு எதிராக நின்றவர்களில் முக்கியமானவர் சி. கோபாலன். 1918இல் சேலத்தில் பிறந்தவர். குன்னூரில் மெக்காரிசன் தொடங்கிவைத்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் வளர்ந்து, அது 1958இல் ஹைதராபாத்துக்குப் போனபின் அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். குவாஷியோர்கர் புரதக் குறைவால் வருவது, எலும்பும் தோலுமாக்கும் மராஸ்மஸ் கலோரிக் குறைவால் வருவது என்று பாடநூல்கள் பிரித்து வைத்திருந்தன. கோபாலனின் குழு கிராமத்துக் குழந்தைகளை நெடுநாள் பின்தொடர்ந்து, நோய் வருவதற்கு முன் அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பதிவு செய்து பார்த்தது. இரண்டு நோய்களுக்கும் ஆளான குழந்தைகளின் உணவில் வேறுபாடு இல்லை. அரிசி, சோளம் என்று அவர்கள் உண்ட உணவில் புரத விகிதம் பெரிய குறையாக இல்லை. மொத்த உணவே போதவில்லை. போதாத கலோரியை ஈடுகட்ட உடல் புரதத்தை எரித்துக்கொண்டிருந்தது.

இதை மெய்ப்பிக்கும் சோதனை 1973இல் வெளியானது. ஹைதராபாத்தைச் சுற்றிய கிராமங்களில் ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு 14 மாதங்கள் தினமும் ஒரு கூடுதல் உணவு கொடுத்தார்கள். கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய். மொத்தம் 310 கலோரி, புரதம் வெறும் 3 கிராம். புரதக் கட்சியின் கண்ணுக்கு அது உணவே அல்ல. ஆனாலும் குழந்தைகள் மற்றவர்களைவிட உயரமும் எடையும் கூடி வளர்ந்தார்கள். அடுத்த ஆண்டே, ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்ட் மெக்லாரன் ‘பெரும் புரதத் தோல்வி’ என்ற பொருள்படும் கடுமையான தலைப்பில் லான்செட் இதழில் கட்டுரை எழுதினார். பன்னாட்டு நிபுணர் குழு குழந்தைகளின் புரதத் தேவையைக் கீழே இறக்கி எழுதியிருந்தது. அட்டவணையில் எண்ணை மாற்றியதுமே உலகின் புரதப் பள்ளத்தில் பெரும்பகுதி மறைந்துபோயிற்று.

இந்தத் திருத்தத்தால் கலவை மாவுகள் பயனற்றவை என்று ஆகிவிடவில்லை. அவற்றை எதற்காகச் செய்கிறோம் என்ற கேள்விதான் மாறியது. பிண்ணாக்கை அரைத்து எண்ணெயை விற்பது குழந்தைக்கு நல்லது என்ற கணக்கு தலைகீழானது. ஹைதராபாத் நிறுவனம் பிற்பாடு பரிந்துரைத்த வீட்டுக் கலவையைப் பார்த்தால் அந்த மாற்றம் தெரியும்: வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலை 16, நிலக்கடலை 10, வெல்லம் 20. எண்ணெய் பிழியாத முழு நிலக்கடலை. 86 கிராம் கலவையில் 330 கலோரி, 11.3 கிராம் புரதம். இதற்கு ஆலையும் வேண்டாம், இறக்குமதியும் வேண்டாம். வாணலியும் மாவு மில்லும் போதும்.

ஆனால் அந்தக் கலவையும் தாயின் கையில் கஞ்சியாகும்போது இன்னொரு சிக்கலில் மாட்டுகிறது. காய்ந்த மாவு 100 கிராமில் சுமார் 400 கலோரி இருக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்க வைத்ததும் மாவுச்சத்து மணிகள் நீரை இழுத்து உப்புகின்றன. பத்துப் பங்கில் ஒரு பங்கு மாவு சேர்த்தாலே கஞ்சி கெட்டியாகிவிடும். எட்டு மாதக் குழந்தையால் அந்தக் கெட்டியை விழுங்க முடியாது. தாய் இன்னும் தண்ணீர் ஊற்றுவாள். அது தவறல்ல, ஊற்றாவிட்டால் பிள்ளைக்கு இறங்காது. ஆனால் ஒவ்வொரு கரண்டித் தண்ணீரும் கஞ்சியின் கலோரியைக் குறைக்கிறது.

குழந்தையின் வயிறு சிறியது. உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு வேளைக்குச் சுமார் 30 கிராம் உணவு கொள்ளும் என்பது உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 1998இல் பயன்படுத்திய கணக்கு. ஒன்பது கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குழந்தைக்கு 270 கிராம். பத்துக்கு ஒன்று என்று கரைத்த கஞ்சியில் கிராமுக்கு 0.4 கலோரி, வயிறு நிறையக் குடித்தால் ஒரு வேளைக்கு 108 கலோரி, மூன்று வேளைக்கு 324. தாய்ப்பால் ஓரளவு கிடைக்கும் குழந்தைக்கே அந்த வயதில் மற்ற உணவிலிருந்து சுமார் 550 கலோரி வேண்டும். அமினோ அமிலக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வயிறு நிறைந்த குழந்தை பசியோடு வளரும் நிலை இது. கஞ்சியில் கிராமுக்கு 0.8 கலோரி இருந்தால் அதே மூன்று வேளையில் 648 கிடைக்கும்.

இதற்கு விடை தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் வீடுகளில் முன்பே இருந்தது. கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்க வைத்து, காயவைத்து அரைக்கும் பழக்கம். தானியம் முளைக்கும்போது, முளைக்குத் தீனி கொடுப்பதற்காகத் தன் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்குகிறது. அந்த மாவைக் கொதிக்கவிடும்போது, சூடு உச்சத்தைத் தொடுவதற்குள் நொதி மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடுகிறது. மாவு நீரை இழுத்து உப்பும் திறன் போய்விடுகிறது. இரண்டு மடங்கு மாவு போட்டாலும் கஞ்சி குழந்தைக்கு ஊட்டும் பதத்திலேயே இருக்கும். மைசூர் நிறுவனத்தில் என். ஜி. மல்லேஷியும் எச். எஸ். ஆர். தேசிகாச்சாரும் முளைகட்டிய கேழ்வரகோடு முளைகட்டிய பாசிப்பயறைச் சேர்த்து இத்தகைய குழந்தை உணவை உருவாக்கி 1982இல் வெளியிட்டார்கள். அதற்குமுன், ஸ்வீடன் ஆய்வாளர்களோடு சேர்ந்து அவர்கள் செய்த, உணவின் பருமனே குழந்தையின் ஊட்டத்துக்கு எல்லை கட்டுகிறது என்பதை விளக்கும் ஆய்வும் வெளிவந்தது. பரோடாவில் தாரா கோபால்தாஸ் இன்னும் ஒரு படி போனார்: முழு மாவையும் முளைகட்ட வேண்டியதில்லை, கஞ்சி மாவில் சுமார் நான்கு சதவீதம் முளைத்தானிய மாவு சேர்த்தாலே கெட்டிக் கஞ்சி இளகிவிடும் என்று காட்டினார். ஒரு சிட்டிகைப் பொருளில் இத்தனை மாற்றம் நிகழ்வது ஊட்டச்சத்துத் துறையில் அபூர்வம்.

இந்த நுட்பம் மிக எளிதாகக் கெடக்கூடியது என்பதையும் சொல்ல வேண்டும். நொதி ஒரு புரதம், சூட்டில் அழியும். முளைகட்டிய கேழ்வரகை மணம் வரும்வரை வாணலியில் நன்றாக வறுத்தால் ருசி கூடும், அமைலேஸ் போய்விடும். பெயருக்கு முளைகட்டிய மாவு, பதத்தில் சாதாரண மாவு. கடையில் விற்கும் பல ‘சத்துமாவு’ப் பொட்டலங்களின் நிலை இதுதான் என்று கருத இடமுண்டு, எல்லாப் பொருளையும் ஒன்றாகச் சிவக்க வறுத்து அரைப்பதே வழக்கம். சரியாகக் காயாத முளையில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளைச்சோளத்தின் முளையில் சயனைடை விடுவிக்கும் பொருள் இருப்பதால் முளையையும் வேரையும் தேய்த்து நீக்கிவிட வேண்டும். கேழ்வரகுக்கு அந்தத் தொல்லை இல்லை. பூஞ்சை பிடிப்பதும் அதில் குறைவு. குழந்தை உணவுக்கு முளைகட்ட அதுவே தானியங்களில் மிகப் பொருத்தமானது என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பது கூடுதல் பலன்.

முளைகட்டுவதால் இன்னொரு முடிச்சும் ஓரளவு அவிழ்கிறது. தானியத்திலும் பருப்பிலும் எள்ளிலும் பைட்டிக் அமிலம் உண்டு. இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் செய்யும். முளைக்கும்போது அதன் ஒரு பகுதி சிதைகிறது. இருந்தாலும் தாவரக் கலவை மட்டுமே ஒன்பது மாதக் குழந்தைக்கு வேண்டிய இரும்பைத் தந்துவிடாது. வைட்டமின் பி12 அதில் துளியும் இல்லை. இன்காபரினாவில் முதல் நாளிலிருந்தே வைட்டமின் ஏ சேர்த்ததும், இன்றைய கலவைகளில் நுண்சத்துக் கலவை கட்டாயமாக இருப்பதும் இதனால்தான். வீட்டுக் கலவையை ஆதரிப்பவர்கள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. முட்டையோ மீனோ பாலோ கீரையோடு எலுமிச்சையோ கூட வராத சத்துமாவு, குறைபாட்டின் ஒரு பகுதியை மட்டுமே தீர்க்கும்.

சரி, இவ்வளவும் செய்தால் என்ன பயன்? இதற்கு மிக வலுவான சான்று மறுபடியும் குவாத்தமாலாவிலிருந்துதான் வருகிறது. 1969 முதல் 1977 வரை எல் புரோகிரெசோ மாகாணத்தின் நான்கு கிராமங்களில் இன்காப் ஒரு சோதனை நடத்தியது. இரண்டு கிராமங்களில் இன்காபரினா, பால் பொடி, சர்க்கரை சேர்ந்த ‘அட்டோலே’ என்ற கஞ்சி. 180 மில்லி கோப்பையில் 163 கலோரி, 11.5 கிராம் புரதம். மற்ற இரண்டில் ‘ஃப்ரெஸ்கோ’ என்ற இனிப்புப் பானம்; 59 கலோரி, புரதம் இல்லை. 1971 முதல் இரண்டிலும் நுண்சத்துகள் சம அளவில் இருக்குமாறு பார்த்துக்கொண்டார்கள். யார் வேண்டுமானாலும் வந்து குடிக்கலாம்; தாய்மாரும் குழந்தைகளும் எவ்வளவு குடித்தார்கள் என்பதை ஒவ்வொரு வேளையும் எழுதினார்கள். கணக்கில் இருந்த குழந்தைகள் 2,392 பேர்.

அட்டோலே கிராமங்களில் மூன்று வயதுக்குள் கஞ்சி குடித்தவர்கள் உயரமாக வளர்ந்தார்கள். மூன்று வயதுக்குமேல் குடிக்கத் தொடங்கியவர்களிடம் அந்தப் பலன் ஏறக்குறைய இல்லை. ஆய்வாளர்கள் முப்பது ஆண்டுகள் கழித்து அதே மனிதர்களைத் தேடிப் போனார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் அட்டோலே குடித்த ஆண்களின் ஒரு மணி நேரக் கூலி சராசரியாக 46 சதவீதம் கூடுதல் என்று 2008இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு கண்டது. பெண்களின் கூலியில் அந்த ஏற்றம் தெரியவில்லை. ஆனால் அவர்கள் ஒரு வகுப்புக்கும் சற்று அதிகமாகப் படித்திருந்தார்கள். வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் இருபாலரிடமும் கூடியிருந்தது. அட்டோலேயில் பால் பொடி இருந்தது, கலோரியும் அதிகம் என்பதால் இந்தப் புகழ் முழுவதும் தாவரக் கலவைக்குப் போகாது. எந்தக் கூறு எவ்வளவு வேலை செய்தது என்று அந்தச் சோதனையால் பிரித்துச் சொல்ல முடியாது. எந்த வயதில் என்பதை மட்டும் அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது.

பால் பிறகு கலவைக்கு முறைப்படித் திரும்பியது. உலக உணவுத் திட்டம் இரண்டு வயதுக்குட்பட்டோருக்காக மக்காச்சோள–சோயா மாவில் சுமார் 8 சதவீதம் பால் பொடியும், கூடவே எண்ணெயும் சர்க்கரையும் சேர்த்தது. இதற்குள் பிரான்சில் 1996இல் ஆந்த்ரே பிரியாண்டும் மிஷேல் லெஸ்கானும் உருவாக்கிய நிலக்கடலைப் பசை புகழ்பெற்றிருந்தது. அதில் தண்ணீரே இல்லை; அதனால் கிருமி வளராது, வயிற்றில் இடமும் வீணாகாது. கஞ்சி மாவின் காலம் முடிந்தது என்று பலர் எண்ணினார்கள். மலாவியில் நடுத்தர அளவு மெலிவுள்ள 2,712 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2012இல் வந்தது. பால் சேர்த்த கலவை மாவு பெற்றவர்களில் 85.9 சதவீதம் தேறினார்கள். இரண்டு வகைப் பசைகள் பெற்றவர்களில் 87.7, 87.9. மாவு பின்தங்கவில்லை. கடும் மெலிவு வேறு. அங்கே பசைக்கும் மருத்துவத்துக்கும் மாற்று இல்லை. ஆனால் கோடிக்கணக்கான நடுத்தரக் குறைபாட்டுக் குழந்தைகளுக்கு, சரியாகச் செய்த மாவு போதும் என்பது ஏழை அரசுகளின் கணக்கில் மிகப் பெரிய செய்தி.

வயது பற்றிய பாடத்தைத் தமிழ்நாடு விரைவிலேயே எடுத்துக்கொண்டது. உலக வங்கி உதவியோடு 1980இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ளவர்களைக் குறிவைத்தது. மாதந்தோறும் எடை பார்த்து, ஏறவேண்டிய எடை ஏறாத குழந்தையைத் தேர்ந்து, 90 நாள் சத்துருண்டை கொடுத்து, தேறியதும் நிறுத்தினார்கள். எல்லோருக்கும் எப்போதும் என்ற முறையைவிட இதில் செலவு குறைவு, பலன் அதிகம். இன்று அங்கன்வாடி வழியாக வீட்டுக்குப் போகும் சத்துமாவில் கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை, வெல்லம், நுண்சத்துக் கலவை எல்லாம் உண்டு. வீட்டுக்குப் போன மாவை யார் சாப்பிடுகிறார்கள் என்பது வேறு கேள்வி. மூன்று குழந்தைகள் உள்ள வீட்டில் இளையவருக்கு மட்டும் கரைத்துக் கொடு என்று எந்தத் தாயிடமும் சொல்ல முடியாது.

இலங்கையின் ‘திரிபோஷ’ 1973 முதல் கர்ப்பிணிகளுக்கும் மெலிந்த குழந்தைகளுக்கும் இலவசமாகப் போகும் மக்காச்சோள–சோயா மாவு. தொடக்கத்தில் வெளிநாட்டு உதவி மாவாக இருந்ததை உள்நாட்டு விளைச்சலிலிருந்தே சூட்டழுத்தத்தில் வேகவைத்துச் செய்யும் முறைக்கு அந்த நாடு மாற்றிக்கொண்டது. சோயாவில் ட்ரிப்சினைத் தடுக்கும் பொருளும் அதில் அழிந்துவிடும். ஏழை நாடு ஒன்று ஐம்பது ஆண்டுகள் விடாமல் நடத்தியிருப்பது பெருமைக்குரியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மக்காச்சோளம் கிடைக்காமல் அதன் உற்பத்தி தடைப்பட்டது. மிக வேண்டிய ஆண்டில் மாவு இல்லை.

இந்தியாவில் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி ஐந்து வயதுக்குட்பட்டோரில் 35.5 சதவீதம் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள்; தமிழ்நாட்டில் 25. ஆறு மாதம் முதல் 23 மாதம் வரை உள்ள குழந்தைகளில், போதுமான வேளையும் போதுமான வகையும் சேர்ந்த குறைந்தபட்ச உணவு கிடைப்பவர்கள் நாட்டளவில் 11.3 சதவீதம் மட்டுமே. இப்படியிருக்க, சந்தை ‘இருபத்தொரு தானியச் சத்துமாவு’ விற்கிறது. தானியத்தின் எண்ணிக்கை கூடினால் சத்து கூடும் என்பதற்கு அறுபது ஆண்டு ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு பங்கு தானியம், ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகப் பருப்பு, ஒரு கைப்பிடி நல்ல நிலக்கடலை என்ற கலவை செய்யும் வேலையைத்தான் இருபத்தொன்றும் செய்யும், அதிக விலைக்கு.

அரசும் வணிகரும் பொட்டலத்தின் பின்புறம் 100 கிராம் காய்ந்த மாவில் எவ்வளவு புரதம், எவ்வளவு கலோரி என்று அச்சிடுகிறார்கள். அங்கே வேண்டியவை வேறு சில எண்கள்: எத்தனை கரண்டி மாவுக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், அப்படிக் காய்ச்சிய கஞ்சியின் 100 மில்லியில் எத்தனை கலோரி, முளைகட்டிய பங்கு எவ்வளவு, அதன் நொதி உயிரோடு இருக்கிறதா, அந்தத் தொகுதிக்கு அஃப்ளடாக்சின் சோதனை நடந்ததா. இவை எல்லாமே இன்று சாதாரண ஆய்வுக்கூடத்தில் அளக்கக்கூடியவை. கஞ்சியின் கெட்டித்தன்மையை அளக்க ஆய்வுக்கூடம்கூட வேண்டாம். ஊட்டும் சூட்டில் கரண்டியைச் சாய்த்தால் மெல்ல வழிய வேண்டும், தண்ணீராக ஓடக்கூடாது. அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் தாய்மாருக்கு இதைச் செய்து காட்டிவிடலாம்.